கயலின் வாயில் நான் வைத்த வசனம்

1

நவம்பர் பிறந்தால் இத்தாலியின் பலெர்மோவில் செத்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் நான் விசர்க்கதை கதைப்பதாக நினைக்கக்கூடாது. இது இந்த ஊர் வழக்கம். இரண்டாம் தேதி காலையில் பிள்ளைகள் எழும்பித் தேடுவார்கள். கட்டிலுக்கு அடியிலோ அலுமாரிக்குப் பின்னாலோ விளையாட்டுச் சாமானும் இனிப்பும் இருக்கும். செத்துப்போன பாட்டனோ பெரியப்பனோ கொண்டுவந்து வைத்ததாகப் பெற்றோர் சொல்வார்கள். அந்தக் கிழமை வியா மக்வேதா என்ற கடைத்தெருவில் நடந்தால் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சர்க்கரையில் செய்த பொம்மைகள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் போர்வீரர்கள். வாள், கேடயம், தலையில் இறகு, சிவப்புச் சாயம் பூசிய உதடு. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், அதனால் எல்லாருக்கும் ஒரே முகம்.

என் மகள் ஆரணி முதலாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பொம்மையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, எங்கடை செத்த ஆக்கள் ஏன் ஒண்டும் கொண்டுவாறேல்லை?"

"அவைக்கு விசா கிடைக்கேல்லை" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, ஆசிரியை என்னைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆயிற்று. அன்றைக்கு என் இத்தாலியனில் நான் கொடுத்த விளக்கத்தைக் கேட்டு அந்தப் பெண் கண் கலங்கினாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது.

ஆரணிக்கு இப்போது பதினேழு வயது. தமிழ் கதைப்பாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கோபம் வந்தால் சிசிலிக்காரிபோல் கையை ஆட்டி இத்தாலியனில் பொரிவாள். இந்த வருடம் எங்கள் செத்தவர்கள் வந்தார்கள். விசா இல்லாமல் தொலைபேசியில் வந்தார்கள்.

2

நாங்கள் இருப்பது சீசா என்ற பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில். கணவர் உணவகச் சமையலறையில் வேலை. நான் காலையில் பஸ் எடுத்துப் போய் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். துடைப்பது, சமைப்பது, அவவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, அவ தன் மருமகளைத் திட்டும்போது "சீ, சிஞ்ஞோரா", ஓம் அம்மா, என்று தலையாட்டுவது. பத்தொன்பது வருடமாக இதுதான்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள், தலையணை உறைகளுக்கு அயர்ன் பிடித்துக்கொண்டு நிற்கையில் சுவிஸ் இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, நீங்கள்தானே அந்த நேரம் ஆவணப் பகுதியில எழுதிக்கொண்டிருந்த தவம்? நான் நந்தன்."

என் முதுகு தானாக நிமிர்ந்தது. இருபத்தைந்து வருடத்துக்குமேல் கேட்காத குரல். இந்த ஊரில் என்னை அப்படி அடையாளம் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. இயக்கத்தில் நான் என்ன செய்தேன் என்பதை என் மகளுக்கே சொன்னதில்லை.

இப்போது சொல்கிறேன். சண்டையில் இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகளை எழுதுவது என் வேலை. ஒரு முனையில் சண்டை முடிந்தால் எங்களுக்குப் பெயர்ப்பட்டியல் வரும். அந்த முனையின் பொறுப்பாளரிடம் கொப்பியோடு போய் இருப்போம். எங்கே, எப்படி, கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்போம். அவர் சொல்வதைப் பதினைந்து வரிக்குள் எழுத வேண்டும். கூட நின்ற சாதாரணப் போராளிகளைக் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள், வேலை முடியாது. எங்களிடம் சில வசனங்கள் தயாராக இருந்தன. தாக்குதலில் இறந்தால் ஒன்று, காவலில் இறந்தால் ஒன்று. சோறு காய்ச்சும்போது ஷெல் விழுந்து இறந்த பிள்ளைக்கு "களப்பணியில் இருந்தவேளை" என்று எழுதுவோம். அது பொய்யில்லைத்தானே என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அந்தக் குறிப்பு பத்திரிகையில் வரும், பிறகு தாய் தகப்பனுக்குப் போகும்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் முதல்முதல் என் பெர்மெஸ்ஸோவுக்காக, வதிவிட அனுமதிக்காக, போய் நின்றபோது, ஊரில் என்ன வேலை செய்தாய் என்று அதிகாரி கேட்டார். எழுத்துவேலை, கிளார்க் என்று சொல்ல நினைத்துத் தெரிந்த சொல்லைச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு மரியாதையோடு பார்த்தார். "எழுத்தாளரா? என்ன நாவல் எழுதினீங்கள்?" நான் சொன்ன சொல்லுக்கு அதுதான் அர்த்தமாம். கூட வந்தவர்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள். அந்த மனுஷன் பெரிதாகப் பிழை விடவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நந்தன் அண்ணை விஷயத்துக்கு வந்தார். "புத்தகம் ஒண்டு எழுதுறன் தங்கச்சி. அந்த முனையின்ரை முழு வரலாறு. ஆரின்ரையும் வாய்க்கதை வேண்டாம் எண்டு பதிவுகளை மட்டும் வைச்சு எழுதுறன். கயல் ஆக்களைப் பற்றி நீங்கள் எழுதின குறிப்பு கிடைச்சுது. அதை அப்பிடியே போடுறன். அத்தியாயத்துக்குத் தலைப்பும் அதில இருந்துதான். 'நாங்கள் நிக்கிறம், நீங்கள் போங்கோ.'"

நான் அயர்னை நிமிர்த்தி வைத்தேன்.

"ஒரேயொரு விஷயம்தான் தெரிய வேணும். அந்தப் பிள்ளையள் அதைச் சொன்னது எத்தினை மணிக்கு? அடிக்குறிப்பில போட வேணும்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றேன். தலையணை உறையில் அயர்னின் முனை பட்ட இடம் மஞ்சளாகிவிட்டது.

3

கயலும் அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகளும் ஒரு காவலரணில் இருந்தார்கள். நந்தன் அண்ணை அந்தப் பகுதிக்குப் பொறுப்பு. அதற்கு முந்திய சண்டையின் குறிப்புகளை எடுப்பதற்காக நான் அவருடைய கட்டளை இடத்துக்குப் போயிருந்தேன். போன இடத்தில் அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. வெளியே போக வழியில்லை. வோக்கிடோக்கிகளுக்குப் பக்கத்தில், மண் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மடியில் கொப்பியோடு இருந்தேன்.

மத்தியானத்துக்குமேல் முன்னணி லைனைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி நந்தன் அண்ணை கட்டளை கொடுத்தார். எல்லாக் காவலரணுக்கும் அது போனது, ஒன்றைத் தவிர. அது ஏன் தவறியது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு வோக்கியில் கயலின் குரல் வந்தது. பயந்த குரல் இல்லை. கடைக்குப் போய் வரட்டோ என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"இஞ்சை பக்கத்தில ஒருத்தரையும் காணேல்லை. நாங்கள் பின்னுக்கு வரட்டோ?"

வோக்கிக்காரப் பிள்ளை நந்தன் அண்ணையைப் பார்த்தாள். அவர் வேறொரு வோக்கியில் கத்திக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி, பொறு என்று காட்டினார். இவளும் பொறுத்தாள். கயல் இரண்டாந்தரம் கேட்டாள், மூன்றாந்தரம் கேட்டாள். நாலாந்தரம் "ஆராவது இருக்கிறியளோ?" என்று தொடங்கி அதே கேள்வியைக் கேட்டாள். ஐந்தாந்தரம் அந்தக் குரல் வரவில்லை. நந்தன் அண்ணையின் கை அப்படியே நின்றது. அதை இறக்க அவர் மறந்துவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மேற்குப் பக்கம் லைன் உடைந்துகொண்டிருந்தது. அவரைச் சுற்றி ஐந்தாறு குரல்கள். அவர் கெட்ட மனுஷன் இல்லை.

நான் வோக்கியில் இருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். எட்டி எடுத்து "வா" என்று சொல்லியிருக்கலாம். அது என் வேலை இல்லை. வோக்கி தொடுகிற உரிமை எனக்கு இல்லை. இந்த விளக்கத்தை எனக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை, ஒரு தரமும் அது எடுபடவில்லை.

இரண்டு நாள் கழித்து நந்தன் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்: "மற்றவை பின்வாங்க, காப்புக் குடுக்கிறதுக்காகத் தாங்களா நிண்டவை எண்டு எழுதுங்கோ." நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதினேன்.

அதோடு விட்டிருந்தால் அது அவர் சொன்ன பொய் என்று இருந்துவிடும். எனக்கோ எழுத்து நன்றாக வரும் என்ற பெயர் இருந்தது. பதினைந்தாவது வரியில் ஒரு குறை தெரிந்தது. கடைசியாக ஒரு வார்த்தை இருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. அதனால் நானே எழுதினேன்: "'நாங்கள் நிக்கிறம், நீங்கள் போங்கோ' என்பதே வோக்கியில் அவர்களின் இறுதி வார்த்தையாக இருந்தது." ஒருவரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எழுதி முடித்து வாசித்துப் பார்த்து, திருப்திப்பட்டேன். அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

4

சமாதான காலத்தில் இயக்கத்தில் இருந்து விலகிக் கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தேன். முதல் எட்டு மாதம் நாங்கள் இருந்தது ராணியக்கா வீட்டில். என் கணவரின் ஊர்க்காரி. என்னை முதல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவ, பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று காட்டியவ, ஆரணி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் இருந்தவ எல்லாம் அவதான். எனக்குச் சொந்த அக்கா இல்லாத குறை அவவோடு தீர்ந்தது.

வந்த வருடம் கார்த்திகையில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில், சண்டையில் இறந்த பிள்ளைகளுக்காக விளக்கேற்றினார்கள். வரிசையாகப் படங்கள் இருந்தன. ராணியக்கா ஒரு படத்துக்கு முன்னால் நின்று, கைப்பையில் இருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை எடுத்தா.

"என்ரை தங்கச்சி சுகந்தி. இயக்கப் பெயர் கயல்" என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினா.

பதினைந்து வரியும் என்னுடையவை. எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. கடைசி வரி வந்ததும் அவ தாளைப் பார்க்காமலே சொன்னா: "நாங்கள் நிக்கிறம், நீங்கள் போங்கோ." மண்டபத்தில் பெண்கள் விம்மினார்கள். நானும் அழுதேன். எல்லாரும் என்னை இளகிய மனசுக்காரி என்று நினைத்தார்கள்.

அன்று திரும்பி நடந்து வரும்போது அவ சொன்னா: "இந்த ஒரு வசனம் இல்லையெண்டால் எங்கடை அம்மா அப்பவே போயிருப்பா, பிள்ளை. தான் நிண்டு மற்றவையை அனுப்பினவள் எண்டுதான் அம்மா மனசைத் தேத்தினவ."

நான் என்னத்தைச் சொல்வேன்? அந்த வருடம் சொல்லவில்லை. அடுத்த வருடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் அவ வாசித்தா, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தத் தாளை ஒருமுறை தேநீர் சிந்திப் பழுதாக்கிவிட்டு, என்னிடமே தந்து புதிதாக எழுதித் தரச் சொன்னா. என் கையெழுத்து வடிவாம்.

5

இந்த வருடம் மண்டபத்துக்குச் சில இத்தாலியர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ராணியக்கா ஆரணியிடம் வந்து, கயலின் குறிப்பை இத்தாலியனில் மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டா. ஆரணி சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, ஒரு கையால் எழுத்துகளைத் தொட்டுக்கொண்டு வாசித்தாள். நான் அப்போது பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்த மூண்டு பேரும் செத்திட்டினம்தானே?"

"ஓம்."

"அப்ப அவை கடைசியாச் சொன்னதை ஆர் கேட்டது?"

"வோக்கியில கேட்டிருக்கும்."

"ஓம், அல்லோரா, அப்ப ஆர் கேட்டது? பெயர் வேணும். எங்கடை ஹிஸ்டரி புரொஃபெஸ்ஸோரெஸ்ஸா எப்பவும் சொல்லுறவ, ஆர் பாத்தது, ஆர் கேட்டது எண்டு இல்லாட்டில் அது ஹிஸ்டரி இல்லையாம்."

"ராணி அன்ரி கேட்டதை மட்டும் செய். பெரிய ஆராய்ச்சி வேண்டாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எங்களை விட்டுத் தூரப் போய்விட்டார்கள் என்று நாங்கள் தாய்மார் கூடினால் புலம்புவோம். தமிழ் தெரியவில்லை, கோயிலுக்கு வருவதில்லை, வலி தெரியவில்லை. தூரத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிவதில்லை என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

"அம்மா, நீங்கள் ஏன் குழம்புறீங்கள்? நான் சும்மாதானே கேட்டனான்."

பருப்பை அடுப்பில் வைத்தேன். பிறகு அவளுக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இதை நான் மொழிபெயர்க்கமாட்டன், மம்மா. அன்ரியிட்டை நீங்கள் சொல்லுங்கோ. நான் சொன்னால் அது சரியில்லை."

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

6

ராணியக்கா வேலை செய்வது பகேரியாவில், பழைய மாளிகை வீடு ஒன்றில். குளிர்காலத்துக்கு முன் அங்கே பெரிய துப்புரவு நடக்கும், அதற்கு என்னையும் கூப்பிடுவா. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் போனோம். கோடைக்கு வந்து போன விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகள் முழுவதும் துவைத்துக் காய்ந்து கிடந்தன. பெரிய லினன் விரிப்புகள். அவற்றை ஒருவர் மடிக்க முடியாது. இரண்டு மூலையை அவ பிடிக்க, இரண்டு மூலையை நான் பிடிக்க, இழுத்து உதறி, மடித்து, கிட்ட வந்து கையில் கொடுத்து, திரும்பத் தள்ளிப் போக வேண்டும்.

ஐந்தாவது விரிப்பில் சொன்னேன். அவ்வளவு தூரம் தள்ளி நிற்கும்போதுதான் வாய் திறந்தது.

"அக்கா, கயலின்ரை குறிப்பை எழுதினது நான்."

"நீதானே. போன வருஷம் எழுதித் தந்தனி."

"இல்லையக்கா. முதல்முதல் எழுதினதும் நான்தான்."

அவ விரிப்பை விடவில்லை. நான் நிறுத்தாமல் சொன்னேன். ஆவணப் பகுதி, மண் சுவர், வோக்கி, நந்தன் அண்ணையின் கை, பதினைந்தாவது வரி. நிறுத்தினால் தொடரமுடியாது என்று பயம். சொல்லி முடித்தபோது விரிப்பு எங்களுக்கு நடுவில் இறுகி நின்றது. அவ அவ்வளவு பலமாகப் பிடித்திருந்தா.

"அப்ப அவள் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை அக்கா."

"என்ன சொன்னவள்?"

"பின்னுக்கு வரட்டோ எண்டு கேட்டவள்."

"அப்பிடிச் சொல்லாதை. அவள் கேட்ட மாதிரியே சொல்லு."

நான் சொன்னேன். என் குரல் கயலின் குரல் இல்லை. ஆனாலும் கடைசி எழுத்தை அவள் நீட்டிய மாதிரி நீட்டினேன். "இஞ்சை பக்கத்தில ஒருத்தரையும் காணேல்லை. நாங்கள் பின்னுக்கு வரட்டோ?"

"எத்தினை தரம் கேட்டவள்?"

"நாலு தரம்."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டும் சொல்லேல்லை."

ராணியக்கா கிட்ட நடந்து வந்து தன் மூலைகளை என் கையில் தந்தா. மடிப்பு பிசகாமல் இருந்தது.

"அவள் இயக்கத்துக்குப் போகேக்கை நான் இஞ்சை. அவளின்ரை குரலைக் கடைசியாக் கேட்டது அவளுக்குப் பன்ரெண்டு வயசில. வளந்தாப் பிறகு அவள் என்னெண்டு கதைச்சவள் எண்டு எனக்குத் தெரியாது. நீ அதைக் காதால கேட்டிருக்கிறாய். பத்தொன்பது வருஷமா என்ரை வீட்டில சாப்பிட்டு, என்ரை பக்கத்தில நிண்டு, அதை ஒளிச்சு வைச்சிருக்கிறாய். எழுதினதை விடு. கேட்டதை ஏனடி ஒளிச்சனி?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தப்பட்டு வரவில்லை. பொய் எழுதியதற்குத்தான் திட்டுவா என்று நினைத்துப் பத்தொன்பது வருடம் பயந்திருந்தேன். மீதி விரிப்புகளையும் மடித்து முடித்தோம். திரும்பும் ரயிலில் அவ வேறு பெட்டியில் ஏறினா.

7

அந்தக் கிழமை நந்தன் அண்ணைக்கு நானே அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"பதிவில அப்பிடி இல்லையே தங்கச்சி."

"பதிவை எழுதினது நான் அண்ணை. எனக்குச் சொன்னது நீங்கள்."

"நானோ? நான் அப்பிடிச் சொன்னனானோ?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. தான் சொன்னதைத் தானே மறந்து, நான் எழுதியதில் படித்து, தன் பிள்ளைகள் அப்படித்தான் நின்றார்கள் என்று நம்பி, அந்த நம்பிக்கையில் இவ்வளவு காலம் நித்திரை கொண்டிருக்கிறார். இப்போது அதையும் நான் பறித்துவிட்டேன். அழைப்பை வைக்கும்போது அவர் கேட்டார்: "அந்தப் பிள்ளை எத்தினை தரம் கேட்டது எண்டு சொன்னீங்கள்?" சொன்னேன். வைத்துவிட்டார்.

நடந்தபடியே புதிதாக ஒரு குறிப்பை எழுதி அவருக்கு அனுப்பினேன். யார் கேட்டது என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு விதமாகப் பதிவு இருப்பதால் சர்ச்சை வரும், அதனால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாராம். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. தளபதிகளின் படங்கள் இருக்கும், வரைபடங்கள் இருக்கும். கயலும் மற்ற இருவரும் இருக்க மாட்டார்கள்.

பொய்யோடு இருந்தவர்கள் உண்மை வந்ததும் இல்லாமல் போனார்கள். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு அத்தியாயமாவது மிஞ்சியிருக்கும். இப்படி யோசித்துக்கொண்டு சிஞ்ஞோராவின் வீட்டில் பாத்திரம் கழுவினேன், பஸ்ஸில் நின்றேன், மாடி ஏறினேன். ராணியக்காவிடம் இருந்து அழைப்பு இல்லை. நான் அனுப்பிய செய்திகளை அவ பார்த்திருந்தா, பதில் இல்லை.

இந்தக் குறிப்புகளை ஊர்ப் பத்திரிகைக்கு நான் எழுதுவது அதனால்தான். மற்ற இரண்டு பிள்ளைகளின் இயக்கப் பெயர்கள் தமிழினி, வானதி. வீட்டுப் பெயர்களும் ஊரும் எனக்கு நினைவில்லை. அவை இருந்த ஏடுகள் இப்போது எங்கும் இல்லை. இந்தப் பெயர்களில் பலர் இருந்தார்கள் என்பதும் தெரியும். கயலோடு ஒரே காவலரணில் இருந்த தமிழினியின், வானதியின் வீட்டார் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு வந்த தாளில் கடைசி வரி என்னுடையது. உங்கள் பிள்ளைகள் வரத்தான் கேட்டார்கள்.

8

விளக்கேற்றும் நாள் வந்தது. நான் போகாமல் விடலாம் என்று இருந்தேன். ஆரணிதான் கோட்டை எடுத்துத் தந்து, "வாங்கோ, பயப்பிடாதேங்கோ" என்று இழுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் ராணியக்கா முன்வரிசையில் இருந்தா. ஆரணியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு அவளுடைய காதில் ஏதோ சொன்னா. ஆரணி தலையாட்டினாள்.

அவவின் முறை வந்தது. கயலின் படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெறும் சட்டங்கள் வைத்திருந்தா. படம் இல்லாத சட்டங்கள், அடியில் மட்டும் பெயர். கைப்பையைத் திறக்கவில்லை. தாள் இல்லாமல், மண்டபத்தைப் பார்த்துச் சொன்னா.

"ஒவ்வொரு வருஷமும் நான் வாசிக்கிறதை இந்த வருஷம் வாசிக்கேல்லை. என்ரை தங்கச்சி கடைசியாக் கேட்டதை மட்டும் சொல்லுறன். 'இஞ்சை பக்கத்தில ஒருத்தரையும் காணேல்லை. நாங்கள் பின்னுக்கு வரட்டோ?'"

ஆரணி அதை இத்தாலியனில் சொன்னாள். இரண்டு சிறிய வசனம்தான். விருந்தாளியாக வந்திருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எங்கள் ஆட்களிடையே சலசலப்பு எழுந்தது. ஒழுங்கமைப்பாளர் ஒருவர் முன்னுக்கு வந்து, "அக்கா, இதென்ன புதுக் கதை? நாலு சனத்துக்கு முன்னால இப்பிடிச் சொல்லலாமோ? பிள்ளையளைக் குறைச்சமாதிரியெல்லே இருக்கு" என்றார்.

"என்னத்தைக் குறைச்சது தம்பி? உயிரோட இருக்க ஆசைப்பட்டதோ?" என்றா ராணியக்கா. அவர் பின்னுக்குப் போய்விட்டார்.

அவ விளக்கைக் கொளுத்தினா. ஒன்று, பிறகு மற்ற இரண்டு. படத்துக்குக் கிட்டக் குனிந்து, வாசலில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னா: "ஓம் பிள்ளை. வா. ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா."

பிறகு திரும்பினா. பகேரியாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தா.

"நீயும் சொல்லு. நீதானே பக்கத்தில இருந்தனி."

ஆரணி என் முதுகில் கை வைத்தாள். நான் போய் அந்த மூன்று விளக்குக்கும் முன்னால் நின்றேன்.

"வாங்கோ பிள்ளையள்" என்றேன்.